பெரிய படமும் தெளிந்த படமும்

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. ஆயின், அதனைக் கமராவிற் பிடிக்க முயல்வோர்க்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சுகின்றது. கிளையிலிருந்த மீன்கொத்தி படத்தில் ஒரு புள்ளியாகிவிடும். அதனைப் பெரிதாக்க இரு வழிகளுண்டு. ஒன்று, நீண்ட குவியத்தூரமுடைய டெலிபோட்டோ வில்லை. மற்றது, கையிலுள்ள வில்லைக்கும் கமராவிற்கும் இடையே பொருத்தும் டெலிகன்வேட்டர். முன்னது விலை மிக்கது, பின்னது மலிவு. மலிவானதே போதாதா என மாணவர் பலர் வினவுகின்றனர். பெற்றோரின் பணம் செலவாகுமுன் இதனைச் சற்று ஆராய்வோம்.

டெலிபோட்டோ வில்லையின் முன்புறத்தே ஒளியைக் குவிக்கும் தொகுதியும், பின்புறத்தே அதனை விரிக்கும் தொகுதியும் உள்ளன. 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோமஸ் டால்மெயர் இவ்வகை வில்லையை அமைத்தார். டெலிகன்வேட்டரும் ஒரு விரிக்கும் தொகுதியே. முன்னதில் இரு தொகுதிகளும் ஒன்றன் குறையை மற்றொன்று நீக்குமாறு சேர்த்தே கணிக்கப்படுகின்றன. பின்னதோ பெரும்பாலும் பல வில்லைகளுக்குப் பொதுவாகச் செய்யப்படுவது.

முழுமதியைப் படம்பிடிப்போம். 200 மில்லிமீற்றர் வில்லையில் அதன் விம்பம் ஏறக்குறைய 1.8 மில்லிமீற்றர் அகலமுடையது. இருமடங்கு கன்வேட்டரைப் பொருத்தின் 3.6 ஆகும். ஆனால், முன்வில்லை காட்டாத நுணுக்கத்தைக் கன்வேட்டர் படைத்துத் தராது. மங்கிய எழுத்தைப் பூதக்கண்ணாடியாற் பார்த்தால் மங்கலும் பெரிதாவதன்றோ?

ஒளியும் குறைகின்றது. 1.4 மடங்கு கன்வேட்டர் ஒளியைப் பாதியாக்கும், இருமடங்கானது காற்பங்காக்கும். எஃப் 4 வில்லை எஃப் 8 ஆகிவிடும். செக்கனில் 400இல் ஒரு பங்கில் எடுத்த படத்துக்கு இப்பொழுது 100இல் ஒரு பங்கு வேண்டும். அதற்குள் கை நடுங்கிவிடும். பழியோ கன்வேட்டரைச் சாரும்.

உண்மையறிய எளிய சோதனையுண்டு. பத்திரிகைத் தாளொன்றைத் தூரத்துச் சுவரில் ஒட்டி, கமராவை முக்காலியில் நிறுத்துக. வில்லையால் மட்டும் ஒரு படமும், கன்வேட்டருடன் ஒரு படமும் எடுத்து, முதற்படத்தை இரண்டாவதன் அளவுக்குப் பெரிதாக்குக. இரண்டாவதில் எழுத்துக்கள் கூடுதலாக வாசிக்கக் கூடியனவாயின் கன்வேட்டர் பயன் தந்தது. இன்றேல் வீண் செலவே.

நல்ல வில்லை உடையோர்க்கு 1.4 மடங்கு கன்வேட்டர் ஏற்றது. மங்கலான வில்லைக்கு இருமடங்கு கன்வேட்டர் மங்கலையே கூட்டும். பறவை அஞ்சாவண்ணம் பொறுமையுடன் நாலடி நெருங்கப் பழகுவோர்க்கு இரண்டுமின்றியே படம் தெளியும்.