உடம்பின் துப்புரவு வேலை

சுவரில் பல்லி போட்டுவிட்டுப் போகும் எச்சத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கறுப்பாக ஒரு துண்டு, அதன் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். கறுப்பு, பல்லியின் மலம். அந்த வெள்ளை, அதன் சிறுநீர். வண்டி சீட்டில் காக்கை வைத்துவிட்டுப் போகும் வெள்ளையும் அதேதான்.

உயிரினங்களின் அடிப்படைச் செயல்கள் என்று பள்ளியில் ஒரு பட்டியல் சொல்லித் தருவார்கள். உண்பது, சுவாசிப்பது, அசைவது, வளர்வது, உணர்வது, இனம் பெருக்குவது. கூடவே, கழிவு நீக்கம். மூச்சுக்கு யோகா வகுப்பு உண்டு. சாப்பாட்டுக்கு எத்தனையோ டி.வி. நிகழ்ச்சிகள். இனம் பெருக்கும் ஆசையை நம்பித்தான் சினிமாவே ஓடுகிறது. கழிவு நீக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால், எந்த உயிர் தண்ணீரில் கிடக்க வேண்டும், எது கரையேறலாம், எது பாலைவனத்தில் குடித்தனம் நடத்தலாம் என்பதைத் தீர்மானித்ததில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

மலத்தை இங்கே மறந்துவிடலாம். அதில் கணிசமான பகுதி, வாய் வழியாகப் போய், செரிக்காமல், குடல் வழியாக வெளியே வந்த சமாச்சாரம். உடம்பின் செல்களுக்குள் அது நுழைந்ததே இல்லை. உண்மையான கழிவு, செல்லுக்குள் நடக்கும் வேலையில் பிறப்பது. சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்தால் கரியமில வாயுவும் தண்ணீரும்தான் மிச்சம். மூச்சை வெளியே விட்டால் பாதிக் கதை முடிந்தது. புரதம் அப்படியல்ல. அதில் நைட்ரஜன் இருக்கிறது. பருப்பும் மீனும் முட்டையும் உடம்பில் சிதையும்போது அந்த நைட்ரஜன் அமோனியாவாகிறது. அமோனியா விஷம். இரத்தத்தில் கொஞ்சம் ஏறினாலும் மூளை தடுமாறும்.

மீனுக்கு இது பிரச்சினையே இல்லை. சுற்றிலும் தண்ணீர், அமோனியா செவுள் வழியாகக் கரைந்து போய்விடும். ஆனால் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் புதிதாக வாங்கி விட்ட மீன்கள் ஒரு வாரத்தில் செத்து மிதந்தால், பல சமயம் காரணம் இரையல்ல; தங்கள் கழிவிலேயே அவை மூழ்கியிருக்கும். அதைத் தின்று மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் இன்னும் பெருகியிருக்காது.

கரைக்கு வந்தவர்களுக்குத்தான் சிக்கல். ஒரு கிராம் நைட்ரஜனை அமோனியாவாக வெளியேற்ற ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் வேண்டும். யூரியாவாக மாற்றிக்கொண்டால் 50 மில்லி போதும். யூரிக் அமிலமாக்கினால் 10 மில்லியில் வேலை முடியும். தவளையின் வாழ்க்கையில் இந்த மாற்றத்தை நேரிலேயே பார்க்கலாம். குளத்தில் நீந்தும் தலைப்பிரட்டை பெரும்பாலும் அமோனியாவைத்தான் கழிக்கிறது. கால் முளைத்து, வால் சுருங்கி, கரையேறும் நாட்களில் அதன் கல்லீரல் யூரியா தயாரிக்கக் கற்றுக்கொள்கிறது. கால் மட்டும் முளைத்திருந்தால் போதாது. கல்லீரலும் கரைக்குத் தயாராக வேண்டும்.

நாமும் யூரியா கட்சி. ஒரு மனிதர் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் யூரியாவைச் சிறுநீரில் கழிக்கிறார். வயலுக்கு வாங்கும் 45 கிலோ மூட்டையில் இருப்பதும் இதே பொருள். கணக்குப் போட்டால், ஒரு மூட்டைக்குச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆகும். 1828-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃப்ரெடரிக் வோலர் சிறுநீரகத்தின் தயவில்லாமல் ஆய்வுக்கூடத்திலேயே யூரியாவை உண்டாக்கியபோது, உயிருள்ளவற்றின் வேதியியல் தனி ரகம் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. கல்லீரல் அதை எப்படிச் செய்கிறது என்பது தெரிய இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது. 1932-இல் ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்செலைட்டும் அந்த வேதிச் சுழற்சியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே, யூதர் என்பதற்காக கிரெப்ஸை நாஜி அரசு வேலையிலிருந்து நீக்கியது. அவர் இங்கிலாந்துக்குப் போனார். 1953-இல் நோபல் பரிசு பெற்றார்.

சுறா ஒரு விசித்திரப் பிறவி. கடலின் உப்பு தன் உடம்பு நீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, யூரியாவை வெளியே தள்ளாமல் இரத்தத்திலும் சதையிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சுறாப் புட்டுக்கு மீன் வாங்குகிறவர்களுக்கு இதன் விளைவு மூக்கிலேயே தெரியும். நாள்பட்ட சுறா ‘குப்’பென்று நெடியடிக்கக் காரணம், அந்த யூரியாவைப் பாக்டீரியாக்கள் மறுபடி அமோனியாவாக உடைப்பதுதான்.

பல்லியும் பறவையும் பூச்சிகளும் போனது மூன்றாவது வழி. யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. பசைபோல, பொடிபோல வெளியே வந்துவிடும். இதன் அருமை முட்டைக்குள்தான் முழுதாகத் தெரிகிறது. ஓடு மூடிய முட்டைக்குள் வளரும் குஞ்சு தன் கழிவை எங்கே கொட்டும்? யூரியாவாக இருந்தால் அந்தக் கொஞ்சத் தண்ணீரில் கரைந்து தேங்கும். யூரிக் அமிலமோ படிகமாகி, தனியாக ஒரு பைக்குள் ஒதுங்கிவிடுகிறது. குஞ்சு பொரியும்வரை தொந்தரவில்லை. பெரு நாட்டுக் கடலோரத் தீவுகளில் மழையே இல்லாததால் கடற்பறவைகளின் எச்சம் மலைமலையாகக் குவிந்து, 19-ஆம் நூற்றாண்டில் உலகின் விலையுயர்ந்த உரமானது. அவற்றில் சிஞ்சா தீவுகளை 1864-இல் ஸ்பெயின் கடற்படை பிடித்துக்கொண்டு போரே மூண்டது.

தாவரங்கள் நம்மைவிடச் சிக்கனம். இலையை உதிர்ப்பதற்கு முன் அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பங்கை மரம் உருவிக்கொள்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கழிவுக் கதை பச்சை நிறத்தவர்களுடையதே. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் சூரிய ஒளியில் உணவு தயாரித்து, வேண்டாத ஆக்ஸிஜனை வெளியே விட்டன. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அது காற்றில் சேரத் தொடங்கியது. ஆக்ஸிஜனே பழகாத அன்றைய பல உயிர்களுக்கு அது விஷம். இன்று நாம் இழுக்கும் மூச்சு, அந்தக் கழிவை நம்பித்தான்.

மனிதச் சிறுநீரகத்துக்கு வருவோம். ஒன்று 150 கிராம் எடை. உள்ளே ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள் என்ற நுண்வடிகட்டிகள். இது வேலை செய்யும் முறை வேடிக்கையானது. கெட்டதைத் தேடிப் பொறுக்குவதில்லை. இரத்த அணுக்களையும் பெரிய புரதங்களையும் நிறுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் முதலில் வெளியே கொட்டிவிட்டு, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, பீரோவைக் காலி செய்து அடுக்குகிறவர் போல. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவு போக மீதி உள்ளே திரும்புகிறது. சுற்றி வளைத்த வழிதான். ஆனால் ஒரு லாபம் உண்டு: இதுவரை பார்த்திராத நஞ்சு வந்தாலும், அதைத் திரும்ப எடுக்கும் ஏற்பாடு இல்லாததால், அது பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும்.

இந்த வேலையை ஒரு இயந்திரத்திடம் முதலில் வெற்றிகரமாக ஒப்படைத்தவர் டச்சு மருத்துவர் வில்லெம் கோல்ஃப். நாஜிகள் பிடித்திருந்த நெதர்லாந்தில், காம்பென் என்ற சிற்றூரில், சாஸேஜ் இறைச்சியை அடைக்கும் செலோபேன் குழாயை உருளையில் சுற்றி, 1943-இல் அவர் டயாலிசிஸ் செய்தார். முதல் 16 நோயாளிகளுக்குப் பெரிய பலனில்லை. 1945-இல் மயக்கத்தில் கிடந்த 67 வயதுப் பெண்மணி, 11 மணி நேரச் சுத்திகரிப்புக்குப் பின் கண் விழித்தார். மேலும் ஏழாண்டுகள் வாழ்ந்தார்.

இன்றைக்கும் டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல. வேடிக்கையாக எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் சிறுநீரகம் வலித்து எச்சரிப்பதில்லை. பாதித் திறன் போகும்வரை இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவுகூட இயல்பாகவே இருக்கலாம். சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இருப்பவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் பார்த்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்காதீர்கள். கழிப்பறை இல்லை என்பதற்காகக் காலை முதல் மாலைவரை தண்ணீர் குடிக்காமல் உப்பளத்திலும் கடைகளிலும் பள்ளிகளிலும் இருக்கும் பெண்களுக்கு ‘தண்ணீர் குடியுங்கள்’ என்று ஆலோசனை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குக் கழிப்பறை கட்டிக்கொடுங்கள், தண்ணீர் வசதியோடு.