69-க்குத் தங்கமா?

2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில், குதிரையேற்றத்தின் டிரஸ்ஸாஜ் அணிப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்குப் பிறகு, 41 ஆண்டு கழித்துக் குதிரையேற்றத்தில் கிடைத்த தங்கம். கோவில்பட்டி டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தபோது, தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: “ஒருத்தருக்கு 68, ஒருத்தருக்கு 69, ஒருத்தருக்கு 71. எங்க வீட்டுப் பய இந்த மார்க்கோட வந்தா அவங்க அம்மா சோறு போட மாட்டா. இதுக்கா தங்கம் குடுத்தான்?”

நியாயமான கேள்வி. டீ சூடாக இருக்கும்போதே பேசிவிடலாம்.

நம் கரிசலில் மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு நடுவர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பெரிய மாடாக இருந்தாலும் பூஞ்சிட்டாக இருந்தாலும், எந்த வண்டி முதலில் கொடியைத் தாண்டியதோ அதற்குப் பரிசு. இந்த ஊரே உயிராக வைத்திருக்கும் ஹாக்கியிலும் கோல் விழுந்ததா இல்லையா என்பதுதான் கணக்கு. டிரஸ்ஸாஜில் கோடும் இல்லை, கோலும் இல்லை. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு மணல் களம். அதற்குள் ஒரு குதிரையும் அதன் மேல் ஓர் ஆளும். நடப்பது, துள்ளு நடை போடுவது, பாய்வது, பக்கவாட்டில் நகர்வது, நின்ற இடத்தில் சுற்றுவது என்று எழுதிவைத்த வரிசைப்படி செய்து காட்ட வேண்டும். மேலே இருப்பவர் என்ன சைகை செய்கிறார் என்று பார்ப்பவருக்குத் தெரியவே கூடாது. ஓட்டுபவர் சும்மா உட்கார்ந்திருக்க, குதிரை தானாகவே செய்வது போல இருக்க வேண்டும்.

களத்தைச் சுற்றி நடுவர்கள் தனித்தனியே உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண், அரை மதிப்பெண்ணும் உண்டு. கடினமான சில அசைவுகளுக்கு இரட்டிப்பு. எல்லாவற்றையும் கூட்டிச் சதவீதமாக்கி, நடுவர்களின் சராசரியை எடுப்பார்கள். எதிரே இருப்பவருக்குக் குதிரை நேராக வருகிறதா என்பது தெரியும், பின்கால் எவ்வளவு உள்ளே வந்து ஊன்றுகிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்கு நேர்மாறு. ஆகவே ஒரே அசைவுக்கு ஒருவர் 6 போட்டு இன்னொருவர் 7 போட்டால் அதைக் கள்ளாட்டம் என்று சொல்லிவிட முடியாது.

இனி அண்ணாச்சி கேட்டதற்கு வருகிறேன். இந்த எண்களுக்கு உலகம் முழுக்க ஒரே பொருள் வைத்திருக்கிறார்கள். 0 என்றால் செய்யவே இல்லை. 4 போதாது, 5 ஒப்பேறும், 6 திருப்தி, 7 ஓரளவு நன்று, 8 நன்று, 9 மிக நன்று, 10 அபாரம். ஹாங்சோவில் திவ்யகிருதி சிங் 68.176, ஹிருதய் விபுல் சேடா 69.941, அனுஷ் அகர்வாலா 71.088. மூன்றும் சேர்ந்து 209.205, சராசரி 70-க்குச் சற்றுக் கீழே. அணியின் நான்காவது ஆள் சுதீப்தி ஹஜேலா. முதல் மூன்று பேரின் கணக்குதான் சேரும் என்பதால் அவருடையது விடுபட்டது. தங்கத்தில் அவருக்கும் பங்கு உண்டு. ஆக, ஆசியாவிலேயே முதலிடம் என்பது ஏறக்குறைய ‘ஓரளவு நன்று’! வெள்ளி வாங்கிய சீனா 204.882, வெண்கலம் வாங்கிய ஹாங்காங் 204.852. இரண்டுக்கும் இடையே 0.030. ஒரு நடுவர் ஒரே ஒரு அசைவுக்கு ஒரு மதிப்பெண் கூடக் குறையப் போட்டிருந்தாலே வெள்ளி கை மாறியிருக்கும்.

நம் பிளஸ் டூ மார்க்கை வைத்து இதை அளக்கப் போனால் தப்பாகத்தான் தெரியும். அங்கே 100 என்பது எட்டக்கூடிய எண். இங்கே 100 என்பது குதிரை எந்த இடத்திலும் ஒரு நொடிகூட இறுகாமல், பிசகாமல் முடிப்பது. எந்தச் சோதனை என்பதையும் பார்க்க வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், டிரஸ்ஸாஜில் இறங்கிய முதல் இந்தியர் என்ற பெயரோடு போன அனுஷ், சர் கரமெல்லோ என்ற குதிரையில் 66.444 எடுத்தார். எண் குறைந்ததால் ஆள் தேய்ந்துவிட்டார் என்று பொருளில்லை. ஒலிம்பிக்கில் கேட்கும் அசைவுகள் இன்னும் கடினமானவை.

இவ்வளவு இறுக்கமான அளவுகோலில் உற்சாகப்படுத்துவதற்கு எங்கே இடம் என்று கேட்கலாம். இடம் மதிப்பெண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறது. நடுவரின் கண் குதிரையை விட்டு நகரக் கூடாது என்பதால், அவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் எழுத்தர் கூடவே உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு அசைவுக்கும் எண், அதன் பக்கத்தில் இரண்டு மூன்று சொல்லில் காரணம். போட்டி முடிந்ததும் அந்தத் தாள் ஓட்டியவர் கைக்கே வந்துவிடும். கோப்பை கிடைக்காதவர் வீட்டுக்குக் கொண்டுபோவது அது ஒன்றைத்தான்.

ஹாங்சோவில் ஆடிய படிநிலையில், பாய்ந்து போகும்போதே முன்னணிக் காலை மாற்றும் ஓர் அசைவு உண்டு. நான்கு எட்டுக்கு ஒருமுறையாக ஐந்து தடவை மாற்ற வேண்டும். ஒரு குதிரை நான்கை ஒழுங்காகச் செய்து, ஒன்றில் மட்டும் பின்காலைத் தாமதமாக மாற்றுகிறது என்று வையுங்கள். ஒரு நடுவர் எண்ணைச் சொல்லி, ‘நான்காவது பிழை’ என்று முடிப்பார். இன்னொருவர் அதே எண்ணைச் சொல்லி, ‘நேர், நல்ல உந்தல், நான்காவதில் பின்கால் தாமதம்’ என்பார். எண்ணில் காலணா வித்தியாசம் இல்லை. ஆனால் முதல் தாளைப் படிக்கிற பெண் அடுத்த ஒரு மாதம் கால் மாற்றத்தையே போட்டு உருட்டி, ஏற்கெனவே சரியாக இருந்த நேரையும் உந்தலையும் கெடுத்துக்கொள்ளக்கூடும். இரண்டாவது தாளைப் படித்தவளுக்கு எதைத் தொடக் கூடாது என்பதும் தெரியும்.

எட்டயபுரத்துச் சனிக்கிழமை ஆட்டுச் சந்தையில் தரகர் ஆட்டின் மேல் கை வைத்ததும் குறையைத்தான் சொல்வார். பல்லு தேஞ்சிருக்கு, வயிறு தொங்குது, நடையில ஒரு இழுவை இருக்கு. ஆட்டின் நல்ல அம்சம் அவர் கண்ணில் படாமல் இல்லை. பட்டதால்தான் அந்த ஆட்டுப் பக்கம் வந்தார். வாயால் சொன்னால் விலை ஏறிவிடும். நடுவர் எதையும் விலைக்கு வாங்க வரவில்லையே, அவர் ஏன் தரகர் கண்ணோடு உட்கார வேண்டும்?

“அப்ப எல்லாருக்கும் அள்ளிப் போடச் சொல்றியாக்கும்?” என்றார் அண்ணாச்சி. இல்லை. வாய் இறுகி, கழுத்து விறைத்து வரும் குதிரைக்கு 7 போட்டால், அதை ஓட்டுகிறவர் தயாராகிவிட்டோம் என்று நம்பி அடுத்த படிக்குப் போவார். வலி தாங்குவது குதிரையின் முதுகு. 5-க்கு 5 போடுவதுதான் மரியாதை. ஆனால் 8-க்கு 8 போடுவதும் அதே மரியாதைதான், பலரும் கோட்டை விடுவது அங்கேதான். எல்லாருக்கும் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் போட்டுவிட்டு எழுந்து போகும் நடுவரை யாரும் குற்றம் பிடிக்க முடியாது. கண்டிப்பானவர் என்று பெயரும் கிடைக்கும். அது கண்டிப்பு அல்ல, பயம் என்பது என் எண்ணம். 2014 டிசம்பரில் லண்டனில் சார்லட் டுஜார்டினும் வலேக்ரோ என்ற குதிரையும் இசைக்கு ஆடி 94.300 எடுத்தார்கள், உலக சாதனை. கை கூசாமல் 9-உம் 10-உம் எழுதும் நடுவர்கள் இல்லாமல் அப்படி ஓர் எண் வராது.

அதே டுஜார்டின் 2024-இல், பயிற்சி வகுப்பொன்றில் குதிரையின் காலைச் சாட்டையால் திரும்பத் திரும்ப அடிக்கும் காட்சி வெளியானதால் பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். ஓராண்டுத் தடையும் வந்தது. களத்துக்குள் நடக்கும் சில நிமிடம்தான் நடுவருக்குத் தெரியும், லாயத்தில் நடப்பது தெரியாது. அந்தச் சில நிமிடத்தில் தளர்வான, நம்பிக்கையுள்ள குதிரையைக் கண்டால் அதை எழுத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். எதற்கு மதிப்பெண் கிடைக்கிறதோ அதைத்தான் லாயத்தில் பழக்குவார்கள். அதட்டி வாங்கிய துள்ளலுக்கு 8 விழுந்தால், மறுநாள் பத்து லாயங்களில் அதட்டல் கேட்கும்.

குதிரை நமக்குத் தூரம், அண்ணாச்சி. போட்டியும் நடுவரும் தூரமில்லை. 1893-இல் எட்டயபுரம் சமஸ்தானத்தில் புலவர்கள் கூடிய சபை, சுப்பையா என்ற 11 வயதுப் பையனின் கவிதையைக் கேட்டு அவனுக்குப் ‘பாரதி’ என்று பட்டம் கொடுத்தது. யாப்பில் இடறினானா என்று நோண்டி, இன்னும் பத்து வருஷம் போகட்டும் என்று சொல்லவும் அந்தப் புலவர்களுக்குப் படிப்பு இருந்தது. அவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள் வந்தால் கோவில்பட்டி, எட்டயபுரம் வட்டாரப் பள்ளிகளில் பேச்சுப் போட்டி, கவிதைப் போட்டி என்று களைகட்டும். உங்களில் பலரை நடுவராகக் கூப்பிடுவார்கள். போனால் மதிப்பெண் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். எண்ணைத் தாராளமாகவும் போட வேண்டாம், கஞ்சத்தனமாகவும் போட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும், எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று அந்தக் கட்டத்தில் ஒரு வரி எழுதி, தாளைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.