உங்களுக்குத் தெரியுமா? பனையேறிகளின் கதை எழுதிய பர்மாப் பெண்

குமரி மாவட்டப் பனையேறிகளின் வாழ்க்கையைச் சொல்லும் 'புத்தம் வீடு' நாவலை எழுதியவர் பர்மாவில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர்!

• அவர் ஹெப்சிபா ஜேசுதாசன் (1925–2012). நாவல் வெளிவந்தது 1964இல். நொடித்துப்போன பெரிய வீட்டுப் பெண் லிஸிக்கும் பனையேறியின் மகன் தங்கராஜுக்கும் இடையிலான காதல்தான் கதை. சாதி ஒன்று, மதமும் ஒன்று. குறுக்கே நின்றது பனையேறும் தொழில்! குமரி வட்டாரப் பேச்சு இத்தனை இயல்பாக, இத்தனை அழகாக நாவலுக்குள் வந்தது அப்போது பெரிய புதுமை.

• பிறந்த மண்ணையும் அவர் விட்டுவிடவில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால பர்மாத் தமிழர்களைப் பற்றி 'மா-னீ' நாவலை எழுதினார். 'புத்தம் வீடு' பெற்ற கவனத்தில் பாதிகூட இதற்குக் கிடைக்காதது நம் வாசிப்பின் குறையே.

• குமரிக் கதை எழுதியவர் திருவனந்தபுரத்தில் பணியாற்றியதில் வியப்பில்லை. 1956 நவம்பர் 1 வரை குமரிப் பகுதிக்குத் தலைநகர் திருவனந்தபுரம்தான். ஊரில் வேர், அந்நகரில் வேலை என்று வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.

• தமிழ் இலக்கிய வரலாற்றை ஹெப்சிபா ஆங்கிலத்தில் நான்கு தொகுதிகளாக எழுதினார். பேராசிரியரும் தமிழறிஞருமான கணவர் ஜேசுதாசன் உடனிருந்து உதவினார்.

• 'விளக்கு' இலக்கிய விருது பெற்றவர். 'புத்தம் வீடு' ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது.

'புத்தம் வீடு' படித்தவர்கள் 'மா-னீ'யையும் தேடிப் பிடித்துப் படியுங்கள்.