முதற் கிழமையில் நிரப்பும் படிவம்

மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்து விட்டது. அல்ஹம்துலில்லாஹ்! மாமி வீட்டுக்கும் சாச்சி வீட்டுக்கும் செய்தி பறக்கிறது. விடுதிக்கு வேண்டிய வாளி, தலையணை, பூட்டு வாங்க வாப்பா கடை கடையாக ஏறி இறங்குகிறார். யாருடன் அனுப்புவது, எந்த பஸ்ஸில் அனுப்புவது, அங்கே சாப்பாடு எப்படி என்றெல்லாம் வீடே கூடியிருந்து பேசுகிறது. ஆனால், அங்கே போய் அவள் எதைப் படிக்கப் போகிறாள் என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை. "அதான் கலைப்பீடம் கிடைச்சிருக்கே" என்பதோடு அது முடிந்து விடுகிறது.

சகோதரிகளே, கலைப்பீடம் என்பது ஒரு பாடமல்ல. வைத்திய பீடத்துக்குப் போகும் பிள்ளைக்கு முதல் வருடத்தில் தெரிவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கொடுத்ததைப் படிக்க வேண்டியதுதான். கலைப்பீடத்து மாணவிக்கு அப்படியல்ல. பொருளியல், புவியியல், அரசியல் விஞ்ஞானம், சமூகவியல், வரலாறு, தமிழ், அரபு, இஸ்லாமிய நாகரிகம் எனப் பல பாடங்கள் முன்னால் விரிந்து கிடக்கும். அவற்றில் பெரும்பாலும் மூன்றைத் தெரிந்து ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சில பீடங்களில் பாடங்களைக் குழு குழுவாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரே குழுவிலுள்ள இரண்டைச் சேர்த்து எடுக்க முடியாது. சில பாடங்களுக்கு உயர்தரத்தில் அதே பாடத்தில் சித்தி கேட்பார்கள்.

இந்தப் படிவம் எப்படி நிரப்பப்படுகிறது தெரியுமா? புது இடம், புது முகங்கள், பகிடிவதைப் பயம் வேறு. பக்கத்தில் இருப்பவள் நம்மூர்ப் பிள்ளை என்றால் போதும், அவள் எழுதியதையே மகளும் எழுதி விடுகிறாள். அல்லது சிரேஷ்ட மாணவி ஒருத்தி, "இந்தப் பாடம் லேசு, நோட்ஸ் இருக்கு" என்கிறாள். அவளது நோட்ஸைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு லேசாக இருந்தது நம் பிள்ளைக்கும் லேசாக இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பீர்கள். நம் நாட்டில் பொதுப் பட்டம் மூன்று வருடம், 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் நான்கு வருடம், 120 கிரெடிட். சிறப்புப் பட்டத்துக்கு ஒரு பாடத்தைத் தெரிய வேண்டுமானால், அந்தப் பாடத்தை முதல் வருடத்தில் படித்து, துறை கேட்கும் அளவுக்குப் புள்ளியும் எடுத்திருக்க வேண்டும் என்பதே பொதுவான வழக்கம். பொருளியலை முதல் வருடத்தில் தொடாத பிள்ளை இரண்டாம் வருடத்தில் அதன் மீது ஆசைப்பட்டால் அந்தக் கதவு அநேகமாகப் பூட்டியே இருக்கும். முதற் கிழமையில் எழுதிய மூன்று பெயர்கள்தான் அதைப் பூட்டியவை.

புள்ளிக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். A என்றால் 4, B என்றால் 3, C என்றால் 2. முதலாம் வருடத்தையும் கணக்கில் சேர்க்கும் பீடமொன்றில், விருப்பமில்லாத பாடங்களை எடுத்து முதல் அரையாண்டில் 15 கிரெடிட்டுக்கும் C வாங்கிய மாணவி, நான்கு வருட முடிவில் 3.30 என்ற சராசரிக்கு வர நினைத்தால், எஞ்சிய ஏழு அரையாண்டுகளிலும் ஏறத்தாழ 3.49 எடுத்துக் கொண்டே இருக்க வேண்டும். முடியாததல்ல. ஆனால் பதினைந்து கிழமையின் கடனை மூன்றரை வருடம் அடைப்பதாகும்.

உம்மாமாருக்கென்று ஒரு கணக்கும் உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால உழைப்பு. விரிவுரையில் இருப்பது, நூலகத்தில் வாசிப்பது, ஒப்படை எழுதுவது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். 15 கிரெடிட்டுக்கு 750 மணித்தியாலம். பதினைந்து கிழமைக்குப் பங்கிட்டால் கிழமைக்கு 50 மணித்தியாலம்! பிள்ளை வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், "ரெண்டு நாளைக்காவது குசினிப் பக்கம் நில்லுங்க மகள்" என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைத்துக் கொள்ளுங்கள். தினமும் இரண்டு பஸ் ஏறி வீட்டிலிருந்தே போய் வரும் பிள்ளையாக இருந்தால், நேர அட்டவணையையும் வாங்கிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் முன்கூட்டியே பேச வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. புவியியல் நல்ல பாடம். வரைபடம், கணினி வழியான புவியியல் தகவல் முறைமை என்று கைத்தொழில் போல ஒன்றைக் கற்றுத் தரும். ஆனால் அதற்குக் களப்பயணம் உண்டு. சில வேளை வெளியூரில் இரவு தங்கவும் நேரும். பாடத்தை எடுத்த பின், "அனுப்ப மாட்டோம்" என்று வாப்பா மறுத்தால் புள்ளியை இழப்பது பிள்ளைதான். கூட யார் வருவார்கள், எங்கே தங்குவார்கள் என்று முதலிலேயே துறையில் கேட்டறியலாம். பொருளியலில் கணிதமும் புள்ளிவிபரவியலும் வரும். சாதாரண தரத்தோடு கணிதத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு வந்த பிள்ளை அதை அறிந்தே எடுக்கட்டும். அரபும் இஸ்லாமிய நாகரிகமும் நம் பிள்ளைகள் அதிகம் விரும்புபவை. விரும்பி எடுப்பது நல்லது. வேறு எதையும் விசாரிக்காததால் எடுப்பது வேறு விஷயம். ஆசிரியத் தொழிலை நினைப்பவர்கள், பாடசாலைகளில் பட்டதாரி நியமனம் பாட வாரியாகவே நடப்பதை மறக்க வேண்டாம்.

ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் மொழி மூலம் படித்தாலும், வாசிக்க வேண்டிய நூல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான். முதல் வருட ஆங்கில வகுப்பைச் சும்மா கடமைக்குப் போய் வருவதாக நினைத்தால், மற்ற மூன்று பாடங்களும் பாரமாகி விடும்.

"நாலு வருஷமெல்லாம் தேவையில்ல, மூணு வருஷத்தில முடிச்சிட்டு வாங்க மகள்" என்று சொல்லி அனுப்பும் வீடுகளும் உள்ளன. காரணம் நமக்குத் தெரியாததல்ல. வரன் பேசி வைத்திருப்பார்கள். மூன்று வருடப் பட்டம் தாழ்ந்ததல்ல. ஆனால் முதல் வருடப் பெறுபேறு வரும் முன்பே அந்தத் தீர்மானத்தை வீட்டில் எடுப்பது என்ன நியாயம்? அவள் எதில் கெட்டிக்காரி என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிய வரும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதைச் சொல்லிப் பார்க்கலாமே!

படிவத்தைக் கையில் எடுக்குமுன் பீடத்தின் மாணவர் கைநூலை மகளும் உம்மாவும் சேர்ந்திருந்து வாசியுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் அதில் விபரம் இருக்கும். சந்தேகமென்றால் துறைக்கே போய் விரிவுரையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். மாணவர் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்த பாடம் பிடிக்கவில்லையானால் மாற்றுவதற்குப் பொதுவாக ஆரம்பத்தில் சிறிது அவகாசம் தருவார்கள். அது முடியும் திகதியைக் கேட்டு, வீட்டுக் கலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.