ஆயாவும் ஆச்சியும்

நெய்வேலியில் பாட்டிகள் இருக்கிறார்கள், பாட்டி வீடுதான் கிடையாது. நிலக்கரி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தால் குவார்ட்டர்ஸ், ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்பது டவுன்ஷிப்பின் நடைமுறை. வாசலில் வேம்பும் கொல்லையில் பலாவும் வைத்து, பிள்ளைகளை வளர்த்துக் கல்யாணம் செய்து கொடுத்த வீட்டில், கொஞ்ச நாளிலேயே வேறொரு குடும்பம் வந்து பால் காய்ச்சும். பெரியவர்கள் வடக்குத்து, இந்திரா நகர் பக்கமோ, கடலூருக்கோ, சொந்த ஊருக்கோ போய்ச் சேர்வார்கள். எங்கள் ஆயாவுக்குப் போய்ச் சேரச் சொந்த ஊரும் இல்லை. அது முதல் சுரங்கத்துக்குள் போய்விட்டது.

ஆயா இந்த மாசியில் காலமானாள். வயது 86.

நெய்வேலியின் கதையை ஜம்புலிங்க முதலியாரிலிருந்து தொடங்குவது வழக்கம். 1930களில் அவர் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. 1956இல் நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். அதுவரை நான்கு வருஷம் அள்ளியதெல்லாம் மேல்மண். பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் அந்த மேல்மண்ணில்தான் ஆயாவின் ஊர் இருந்தது. அங்கே அவளுக்குத் தாய்வீடு இருந்தது, முந்திரித் தோப்பு இருந்தது, மாரியம்மன் கோயில் இருந்தது. ஊர் காலியானபோது அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். தாத்தாவுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. அறுபதுகளின் நடுவில் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்கு வந்தவள் ஆச்சி, திருநெல்வேலிக்காரி. அவள் கணவருக்கு, சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தில் வேலை. ஆயா இந்த மண்ணிலேயே பிறந்தவள், ஆச்சியோ இருநூறு மைலுக்கு அப்பாலிருந்து ரயிலேறி வந்தவள். ஆனாலும் அந்தத் தெருவுக்கு இருவருமே ஒரே நாளில் புதுசு. ஆயா அவளைத் "தங்கச்சி" என்றாள். அவள் "யக்கா" என்றாள். கடைசிவரைக்கும் அப்படித்தான்.

இவர்களைச் சேர்த்துவைத்தது ஷிப்ட் என்றுதான் நான் நினைக்கிறேன். இரண்டு ஆண்களுக்கும் ஒரே வாரம் நைட் ஷிப்ட் விழுந்துவிட்டால், இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு இவர்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார்களாம். உறவென்று கூப்பிட ஊரில் ஆளில்லாத காலம் அது. பிரசவ வலி வந்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அடுத்த வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். எங்கள் அம்மா பிறந்த இரவு, தாத்தா சுரங்கத்தில் இருந்தார். ஆயாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது ஆச்சி.

பங்குனி, சித்திரையில் பச்சை முந்திரிக்கொட்டை வரும். ஆயா கை நிறையச் சாம்பலைப் பூசிக்கொண்டு அரிவாள்மனை முன்னால் உட்காருவாள். கொட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, குச்சியால் நெம்பிப் பருப்பை அலுங்காமல் எடுத்துத் தண்ணீரில் போடுவாள். தோலில் இருக்கிற எண்ணெய் பட்டால் கை வெந்து தோலுரியும். முதல் வருஷம் ஆச்சி சாம்பல் பூசாமல் உட்கார்ந்து, ஒரு வாரம் சோறு பிசைய முடியாமல் கஷ்டப்பட்டாளாம். அந்த ஒரு வாரமும் ஆச்சி வீட்டுச் சமையல் ஆயாவுடையது. பிறகு ஆச்சி ஆயாவைவிட வேகமாகப் பிளக்கக் கற்றுக்கொண்டாள். அந்தப் பருப்பைப் போட்டு ஆயா வைக்கும் குழம்பும், தேங்காய்ப்பால் பிழிந்து ஆச்சி வைக்கும் சொதியும் சுவரைத் தாண்டிப் போய்வந்துகொண்டே இருக்கும். அடுப்பில் லெகோ கரி. நெய்வேலி நிலக்கரியைக் கட்டியாக்கிச் சுட்ட எரிபொருள் அது. பற்றிக்கொள்ள நேரமாகும், பற்றிவிட்டால் நின்று எரியும். குழம்பு இறக்கிய தணலில் ஆயா பலாக்கொட்டை சுட்டுத் தருவாள்.

ஆச்சியின் கணவர் முதலில் ஓய்வு பெற்றார். அவர்கள் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. எனக்கு எழுத்துப் பழகியதும் ஆச்சிக்குக் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. இன்லேண்ட் லெட்டரின் மடிக்கிற ஓரம்வரை இடம்விடாமல் எழுதவைப்பாள். வில்லுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரக் காவடி எத்தனை வந்தது, எந்த வீட்டில் யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், கொல்லைப் பலா இந்த வருஷம் எத்தனை காய்த்தது என்று எல்லாம் போகும். தன் முழங்கால் வலி மட்டும் போகாது. "அதை எதுக்கு எழுதுற, அவ கவலப்படுவா" என்பாள். பதில் கடிதத்தில் ஆச்சியின் முதல் கேள்வியே முழங்கால் எப்படி இருக்கிறது என்பதாக இருக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. கடலூர் மாவட்டத்து முந்திரியும் பலாவும் ஒரே நாளில் சாய்ந்தன. அதற்கு வெகுகாலம் முன்பே நாங்கள் வீட்டை ஒப்படைத்துவிட்டு வடக்குத்தில் இருந்தோம். மின்சாரம் ஊருக்கெல்லாம் போகிற இடத்தில் நாங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். ஃபோன் கிடைத்ததும் ஆச்சி கேட்டது, "யக்கா, பலா மரம் நிக்கா?"

ஆயா அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் பழைய குவார்ட்டர்ஸுக்குப் போனாள். அங்கே இருந்தவர்களுக்கு இவள் யாரென்றே தெரியாது. ஆனாலும் கேட்டைத் திறந்து கொல்லைக்குக் கூட்டிப்போனார்கள். மரம் வேரோடு கிடந்தது. பண்ருட்டிப் பழத்தின் கொட்டையை ஊன்றி இவர்கள் இருவரும் வளர்த்த மரம். ஆயா அதன்மேல் உட்கார்ந்து அந்த வீட்டம்மாவிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடியும் பலாதான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர்களும் வைத்தார்கள்.

2020 செப்டம்பரோடு முதல் அனல்மின் நிலையம் நிறுத்தப்பட்டபோது, ஆயா ஃபோன் போட்டு ஆச்சியிடம் ஒரு மணி நேரம் பேசினாள். ஆச்சியின் கணவர் அப்போது உயிரோடு இல்லை.

ஆயா போன செய்தியை நான்தான் ஆச்சிக்குச் சொன்னேன். படுக்கையிலிருந்து எழுந்து வர முடியாத நிலை அவளுக்கு. நன்றாக அழுது முடித்துவிட்டு, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னாள். அந்த நைட் ஷிப்ட் இரவுகளில், வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு ஆயா தன் ஊரின் வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவாளாம். மாரியம்மன் கோயிலில் தொடங்கி, மேலத்தெரு முழுக்கப் போய்த் திரும்பி, யார் வீடு, எத்தனை மாடு, எந்த வீட்டுத் திண்ணை உயரம், கிணற்றடியில் என்ன மரம் என்று. சொல்லிச் சொல்லி ஆச்சிக்கே மனப்பாடமாகிவிட்டது. அவள் கண்ணால் பார்த்தேயிராத ஊர் அது. பெற்ற பிள்ளைகளிடம் ஆயா ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பிள்ளைய நல்லா இருக்கற எடத்துல அதப் போயி எதுக்குன்னு விட்டுட்டா" என்றாள்.

அறுபதுகளில் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த பெண்கள் இன்றைக்கு எண்பதைத் தாண்டியவர்கள். டன் கணக்கும் மெகாவாட் கணக்கும் ஆவணங்களில் இருக்கின்றன. இவர்களிடம் இருப்பது எதிலும் இல்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் இருந்தால், தயவுசெய்து உட்கார்ந்து கேளுங்கள். அவர்களுடைய தோழிகளிடமும் கேளுங்கள்.

ஆச்சி ஃபோனில் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிவருகிறேன். மேலத்தெரு முடிந்துவிட்டது. நேற்று பேசும்போது, "கீழத்தெருவுல மூணு வீடு விட்டுப்போச்சு, யோசிச்சு வைக்கேன். நேர்ல வா, படம் போட்டுக் காட்டுதேன்" என்றாள். சனிக்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன்.