யந்திரம் செய்த ஹெராத் மாணவியர்

பாடசாலையிலே மாணவர் கழகம் ஒன்றைத் தொடங்குவது எளிது. அதனை நிலைபெறச் செய்வதே அரிது. ஆசிரியத் தொழிலிலுள்ளோர் இதனை நன்கறிவர். தொடங்கிய ஆசிரியர் இடமாற்றம் பெறுவார். ஊக்கமுள்ள மாணவர் பரீட்சை எழுதி வெளியேறுவர். சேர்த்த பணம் கரைந்துவிடும். கழகத்தின் அலுமாரி மட்டும் பூட்டியபடி நிற்கும். இவ்வழமையான இடையூறுகளோடு போரும் சாவும் நாடிழப்பும் சேர்ந்து வந்தால் அக்கழகம் உயிர் வாழுமா? வாழக்கூடும் என்பதற்கு ஆப்கானிஸ்தானத்து ஹெராத் நகர மாணவியர் சிலர் சான்றாய் நிற்கின்றனர்.

ரோபோ என வழங்கும் தானியங்கி யந்திரங்களை ஆக்குவதற்கென இம்மாணவியரை ஒன்றுசேர்த்தவர், கணினித் துறையிலே முன்னோடியாய் விளங்கிய ரோயா மஹ்பூப் என்னும் பெண்மணி. 2017ஆம் ஆண்டு யூலை மாதம் வாஷிங்டனிலே 150க்கு மேற்பட்ட நாடுகளின் மாணவர் கலந்துகொண்ட ரோபோப் போட்டி நடைபெற்றது. தூய நீரையும் மாசுற்ற நீரையும் குறிக்கும் இரு நிறப் பந்துகளை யந்திரம் வேறுபிரித்தல் வேண்டும். ஹெராத்திலிருந்து ஆறு மாணவியர் ஆயத்தமாயினர். அவர்களுக்கென அனுப்பப்பட்ட பாகங்கள் சுங்கத்திலே நெடுநாள் தங்கிவிட்டன. கைக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு பழகினர். ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தொலைவிலுள்ள காபூலுக்கு இருமுறை சென்று விசா கேட்டனர், இருமுறையும் மறுக்கப்பட்டது. பலரும் கண்டனக் குரல் எழுப்பிய பின்னர், கடைசி வேளையில், அமெரிக்க ஜனாதிபதியின் தலையீட்டினால் அனுமதி கிடைத்தது. துணிவு மிக்க சாதனைக்கான வெள்ளிப் பதக்கத்துடன் அவர்கள் ஊர் திரும்பினர்.

அம்மகிழ்ச்சி இரு வாரமேனும் நீடிக்கவில்லை. ஆகஸ்ட் 1ஆந் திகதி ஹெராத் பள்ளிவாசல் ஒன்றிலே நிகழ்ந்த தாக்குதலில் 30 பேருக்கு மேல் மாண்டனர். குழுவின் தலைவியாயிருந்த பாத்திமா காதர்யானின் தந்தையும் அவர்களுள் ஒருவர். தலைவிக்கு அப்போது வயது 14. அத்துடன் குழு கலைந்திருந்தால் எவரும் குறைகூறியிரார். ஆனால் அவ்வாண்டு நவம்பரிலே, உழவர்க்கு உதவும் சூரியசக்தி யந்திரம் ஒன்றுடன் எஸ்தோனியா சென்று அங்கும் வெற்றி பெற்றனர்.

2020ஆம் ஆண்டிலே கொரோனா நோய் பரவியபோது இக்குழு விளையாட்டுப் பந்துகளை விட்டு மனித உயிரை நோக்கித் திரும்பியது. முதற் குழுவில் உறுப்பினராயிருந்த சுமையா பாரூக்கி அப்போது தலைவியாயிருந்தார். நோயாளிக்கு மூச்சூட்டும் காற்றுப்பையைத் தாதியர் கையால் அமுக்குவதுண்டு. அதே வேலையை இடையறாது, அளவு பிசகாது செய்யும் யந்திரத்தின் வடிவமைப்பை அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் யாவரும் பயன்கொள்ளுமாறு வெளியிட்டிருந்தனர். வடிவம் கிடைத்தது, பாகங்கள் எங்கே? சுமையா, தந்தையின் கார் திருத்தும் கராச்சிலே வளர்ந்தவர். பழைய டொயோட்டா கொரோலா காரின் யன்னற் கண்ணாடியை ஏற்றியிறக்கும் மோட்டாரும் மோட்டார் சைக்கிளின் சங்கிலியும் அவர்களுக்கு உதவின. கண்ணாடியை உயர்த்தும் மோட்டார் மெல்லச் சுழல்வது, ஆயினும் வலிமையுடையது; காற்றுப்பையை அமுக்குதற்கு வேண்டியதும் அத்தகைய சுழற்சியே. வறுமை கற்பித்த உபாயம் என்று இதனைச் சொல்லிவிடுதல் போதாது. பொருளின் இயல்பை ஆராய்ந்தறிந்த கல்வியின் பயன் இது.

2021 ஆகஸ்டிலே ஹெராத்தும் காபூலும் தலிபான்கள் வசமாயின. குழுவினருட் சிலர் கட்டாருக்கும் சிலர் மெக்சிக்கோவுக்கும் சென்றனர். வேறு சிலர் நாட்டிலேயே தங்கினர். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் கற்பதற்கு அங்கே இன்றும் தடை. 2022 டிசம்பரிலே பல்கலைக்கழகக் கதவும் அவர்களுக்கு அடைக்கப்பட்டது. வெளிநாடு சென்றோர் தம் கல்வியைத் தொடர்ந்தனர். சுமையா அமெரிக்காவிலே பொறியியல் கற்கச் சென்றதோடு, நாட்டிலிருக்கும் மாணவியருக்காகக் குரல் கொடுத்தும் வருகிறார்.

இக்குழு எதனால் நிலைத்தது? பாகங்கள் தடைப்பட்டபோதும், தலைவி தந்தையை இழந்தபோதும், உறுப்பினர் திசைக்கொருவராய்ப் பிரிந்தபோதும், ஒருவர் கற்றது மற்றவரிடம் சென்று சேர்ந்துகொண்டேயிருந்தது. நம் பாடசாலைக் கழகங்கள் கைக்கொள்ளத்தக்க பாடம் இது. மூத்த மாணவர் இளையவரைத் தம்மருகே இருத்தி வேலை பழக்கினால், ஆசிரியர் மாறினும் அலுமாரி பூட்டுண்டு கிடவாது.

ஆயினும் இவ்வளவில் மகிழ்ந்து அமைதல் நேர்மையாகாது. பழுதான மோட்டாருக்குப் பதில் வேறொன்றைக் கண்டுகொள்ளலாம். மூடப்பட்ட பள்ளிக்கூடத்துக்குப் பதில் எதனைப் பூட்டுவது? இச்சிறுமியரின் துணிவுக்கு உலகம் பதக்கம் அளித்தது. பந்து பிரிக்கும் யந்திரம் செய்யவந்த பிள்ளைகளுக்கு அத்துணை துணிவு ஏன் வேண்டியதாயிற்று என்பதே பெரியோர் விடைகூற வேண்டிய வினா. ஹெராத்திலே ஆறாம் வகுப்பை முடித்து வீட்டிலிருக்கும் சிறுமி அவ்விடைக்காகக் காத்திருக்கிறாள்.