உப்பளத்தில் ஓர் அம்புக்குறி!

புதுச்சேரியில் நிற்கிறீர்கள். வழி கேட்டால் ஒருவர், "35 கிலோ மீட்டர் போங்க, மரக்காணம் வந்துடும்" என்கிறார். உடனே கிளம்பி விடுவீர்களா? கடற்கரைச் சாலையில் வடக்கே போனால்தான் மரக்காணம். மேற்கே போனால் விழுப்புரத்தை நெருங்கி விடுவீர்கள். கிழக்கே போனால்... கடல்தான்!

எவ்வளவு தூரம் என்பது மட்டும் போதாது. எந்தத் திசை என்பதும் தெரிய வேண்டும். இப்படி அளவும் திசையும் சேர்ந்து வந்தால், அதற்குப் பெயர் 'வெக்டர்'. சிலவற்றுக்குத் திசை தேவையே இல்லை. ஒரு மூட்டை உப்பு 50 கிலோ என்றால் முடிந்தது கதை. "50 கிலோ வடக்கே" என்று யாராவது சொல்வார்களா? அளவு மட்டும் உள்ள இவை 'ஸ்கேலர்'.

வெக்டரை வரைவது மிக எளிது. ஓர் அம்புக்குறி போட்டால் போதும். அம்பின் நீளம் அளவைச் சொல்லும். முனை திசையைக் காட்டும்.

வரப்பில் ஒரு கணக்கு

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? சதுரம் சதுரமாகப் பாத்திகள், நடுவே வரப்புகள். பாத்தியில் உவர்நீரைத் தேக்குவார்கள். வெயிலில் நீர் ஆவியாகிப் போக, உப்பு படியும். அதை வாரி, வரப்பின் மேல் சுமந்து கொண்டு போய்க் குவிப்பார்கள்.

ஓர் உப்பளத் தொழிலாளி கிழக்கே 30 மீட்டரும், பிறகு வடக்கே 40 மீட்டரும் நடக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். நடந்த தூரம் 70 மீட்டர். புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார்? ஸ்கேலை எடுங்கள். 10 மீட்டருக்கு 1 செ.மீ. என்று வைத்து, 3 செ.மீ. கிழக்கே, அங்கிருந்து 4 செ.மீ. வடக்கே கோடு போடுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து அளந்தால் 5 செ.மீ. வரும். அதாவது 50 மீட்டர்! இந்தக் குறுக்கு அம்புதான் 'இடப்பெயர்ச்சி'. இரண்டு வெக்டர்களைக் கூட்டவும் இப்போது கற்றுக்கொண்டு விட்டீர்கள்.

பாத்திக்குள் குறுக்கே இறங்கி நடக்க முடியாது. அதனால் தலைச்சுமையோடு ஒவ்வொரு நடைக்கும் 20 மீட்டர் அதிகம். நம் வீட்டுச் சமையலுக்கு வரும் உப்பில் எத்தனை நடை அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

கடலில் கவனம்

ஒரு கட்டுமரம் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நேர் கிழக்கே போகிறது. நீரோட்டமோ மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் அதைத் தெற்கே தள்ளுகிறது. ஒரு மணி நேரம் கழித்துக் கட்டுமரம் 5 கி.மீ. தள்ளி, தென்கிழக்குப் பக்கம் இருக்கும். கரை வடக்கு தெற்காக நேராக இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். இப்போது நேர் மேற்கே திருப்பி, அதே வேகத்தில் ஒரு மணி நேரம் வந்தால் என்ன ஆகும்? திரும்பும் போதும் நீரோட்டம் தள்ளுமே! சொந்த ஊருக்கு 6 கி.மீ. தெற்கே கரை சேர்வார்கள். அதனால்தான் மீனவர்கள் நீரோட்டத்தைக் கணித்து, முன்கூட்டியே சற்று எதிர்ப்பக்கம் திருப்பி ஓட்டுகிறார்கள்.

காற்றுக்குப் பெயர் வைத்த நம் முன்னோரும் திசையை மறக்கவில்லை. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை!

நகராத புயல்

"புயல் மேற்கு வடமேற்குத் திசையில், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நகர்கிறது" என்று வானிலைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அதுவும் வெக்டர்தான். அதன் பெயர் 'திசைவேகம்'. புயல் எந்த ஊருக்கு, எப்போது வரும் என்று கணிக்க அளவு, திசை இரண்டுமே வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு, 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 70 முதல் 80 கி.மீ. வேகத்தில் காற்று சுழன்றடித்தது. ஆனால் கரையேறிய புயல், மணிக்கணக்கில் கிட்டத்தட்ட அதே இடத்திலேயே நின்றது! பம்பரம் ஒரே இடத்தில் நின்று சுற்றுமே, அதுபோல. நகரும் திசைவேகம் ஏறக்குறைய பூச்சியம். அளவு பூச்சியமானால் அது 'பூச்சிய வெக்டர்'.

பூச்சியம்தானே என்று நினைக்க வேண்டாம். புயல் நகராததால் மழை அங்கேயே கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை! மரக்காணம் உப்பளங்களும் நீரில் மூழ்கின.

பெயர் வந்த கதை

லத்தீன் மொழியில் 'வெக்டர்' என்றால் சுமந்து செல்பவர் என்று பொருள். 1840-களில் அயர்லாந்து கணித மேதை வில்லியம் ரோவன் ஹாமில்டன் இச்சொல்லைக் கணிதத்துக்குக் கொண்டு வந்தார். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வெக்டரைக் 'காவி' என்பார்கள். தோளில் சுமந்து செல்வதைத்தான் 'காவுதல்' என்கிறோம். எவ்வளவு பொருத்தம்! தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புக் கணக்கில் 'வெக்டர் இயற்கணிதம்' வரும் போது, பயப்படாமல் ஓர் அம்புக்குறி போடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்: பள்ளி மைதானத்தில் கிழக்கே 6 அடி, பிறகு வடக்கே 8 அடி அளந்து நில்லுங்கள். புறப்பட்ட இடத்துக்கு நேராகக் கயிறு பிடித்தால் எத்தனை அடி?

(விடை: 10 அடி)